வீடு முழுக்க வயர்டு நெட்வொர்க்: சுவர் போர்ட்டிலிருந்து ஸ்விட்ச் வரை

சுவரில் நெட்வொர்க் போர்ட் இருக்கிறது. லேப்டாப்பைச் செருகினால் ஒன்றுமே நடப்பதில்லை. ஹாலில் ரவுட்டர் நன்றாகத்தானே ஓடுகிறது, இந்த அறைக்கு மட்டும் ஏன் வரவில்லை என்ற கேள்வி எழும். சுவர் போர்ட்டை மின்சார பிளக் பாயின்ட் மாதிரி நினைப்பதால் வரும் குழப்பம் இது. பிளக் பாயின்ட்டுக்குப் பின்னால் எப்போதும் மின்சாரம் காத்திருக்கும். நெட்வொர்க் போர்ட்டுக்குப் பின்னால் இருப்பது ஒரே ஒரு கேபிள். அதன் மறுமுனை வீட்டில் வேறெங்கோ வெளியே வரும். அந்த முனையை ரவுட்டரிலோ, ஒரு லைனைப் பல கேபிள்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும் ஸ்விட்ச் என்ற நெட்வொர்க் பெட்டியிலோ செருகும்வரை இந்தப் பக்கம் வெறும் அலங்காரம்தான்.

இது புரிந்துவிட்டால் மீதி கைவேலைதான். நான் தேடி அலைந்த கோளாறுகளில் அநேகமாக எதுவும் கேபிளின் நடுவில் இருந்ததில்லை. எல்லாம் இரண்டு முனைகளில் ஏதோ ஒன்றில்தான். அதனால் இந்த வழிகாட்டியும் முனைகளைப் பற்றித்தான் அதிகம் பேசும்.

போர்ட் ஏற்கெனவே இருக்கும் வீடு

முதலில் மறுமுனைகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். மாடிப்படிக்குக் கீழே, பரணில், மெயின் போர்டு பக்கத்தில், முன்பு டெலிபோன் லைன் உள்ளே வந்த இடத்தில் தேடலாம். ஒரு பெட்டிக்குள் சுருட்டிவைத்த நாலைந்து கேபிள்கள் தென்பட்டால் பாதி வேலை முடிந்தது. பல வீடுகளில் கட்டியவர்கள் கேபிளை இழுத்துவிட்டு, முனையில் எதையும் பொருத்தாமல் அப்படியே விட்டுப் போயிருப்பார்கள்.

அடுத்து, ஓர் அறையின் போர்ட் பிளேட்டைக் கழற்றிப் பின்னால் பாருங்கள். அதே பெட்டியில் மின்சார வயரும் இருந்தால் மெயினை அணைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். உள்ளே ஒரே கேபிள் வந்து, பிளக்கைச் செருகும் துளையான ஜாக்கில் முடிந்தால் நல்லது. அது நேராக மையத்துக்கு, அதாவது எல்லாக் கேபிளும் வந்து சேரும் இடத்துக்குப் போகிறது. இரண்டு கேபிள்கள் வந்து, ஒரே நிறக் கம்பிகள் ஒன்றாகச் சேர்த்துக் கட்டியிருந்தால் அது டெலிபோனுக்காகப் போட்ட சங்கிலி. ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு, அங்கிருந்து இன்னோர் அறைக்கு என்று அதே கம்பி ஓடும். டெலிபோனுக்கு அது சரி. ஈதர்நெட்டில், அதாவது இந்த வயர்டு நெட்வொர்க் முறையில், நடுவில் கிளை பிரிக்க முடியாது. ஒரு கேபிளுக்கு இரண்டே முனைதான். இந்த மாதிரி வீட்டில் கட்டை அவிழ்த்து, இரண்டு கேபிளுக்கும் தனித்தனி ஜாக் போட்டு, அந்த அறையில் ஒரு சின்ன ஸ்விட்ச்சை வைத்து இரண்டையும் இணைக்கலாம். அழகான தீர்வு இல்லைதான், ஆனால் வேலை செய்யும்.

கேபிளின் மேல்தோலில் அச்சிட்டிருப்பதையும் படியுங்கள். கேட் 5இ என்றோ கேட் 6 என்றோ நெட்வொர்க் கேபிளின் வகை போட்டிருந்தால் மாற்ற வேண்டியதில்லை. உள்ளே இரண்டு ஜோடிக் கம்பிகள் மட்டும் இருந்தால் அது டெலிபோன் கேபிள். அதைப் புதிய கேபிளை இழுக்க உதவும் கயிறாகப் பயன்படுத்திக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

எந்தக் கேபிள் எந்த அறைக்குப் போகிறது என்று தெரியவில்லையா? டோன் ஜெனரேட்டர் என்ற சின்னக் கருவியை அறையின் போர்ட்டில் மாட்டிவிட்டு, அதனுடன் வரும் உணர்கோலைப் பெட்டியில் உள்ள கேபிள்களின் மேல் ஒவ்வொன்றாக நகர்த்தினால் சரியான கேபிளில் சத்தம் பலமாகக் கேட்கும். இரண்டு பக்கமும் முனை பொருத்தியிருந்தால் சாதாரணக் கேபிள் டெஸ்டரே போதும். கண்டுபிடித்த கையோடு இரண்டு முனையிலும் எண் எழுதி ஒட்டிவிடுங்கள். பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் இதே தேடலை இன்னொரு முறை செய்ய வேண்டியிருக்கும்.

புதிதாகப் போடுவதானால்: மையம் எங்கே?

எல்லாக் கேபிளும் வந்து சேரும் ஓர் இடம் வேண்டும். அங்கே பிளக் பாயின்ட், காற்றோட்டம், இணைய லைன் மூன்றும் இருக்க வேண்டும். ஸ்விட்ச்சும் ரவுட்டரும் நாள் முழுக்கச் சூடாகிக்கொண்டே இருக்கும் பொருள்கள். மூடிய அலமாரியில் துணிகளுக்கு நடுவே வைத்தால் ஆயுள் குறையும். ஃபைபர் பெட்டி வேறு அறையில் இருந்தால் கவலை வேண்டாம், அங்கிருந்து மையத்துக்கு ஒரு கேபிள் கூடுதலாக இழுத்தால் போதும்.

பிறகு அறை அறையாகப் போய்ப் பட்டியல் போடுங்கள். டிவி இருக்கும் சுவர், வேலை செய்யும் மேஜை, கேமரா வைக்கும் மூலை. இவற்றோடு நிறையப் பேர் மறந்துபோகும் ஓர் இடம் சீலிங். கேபிளில் வரும் இணைப்பை வைஃபையாகப் பரப்பும் ஆக்சஸ் பாயின்ட்டை அங்கே மாட்டினால்தான் சமிக்ஞை அறை முழுக்க நன்றாகப் பரவும். வயர் போடும் வேலையின் பெரிய லாபமே சில சமயம் வைஃபை சரியாவதுதான். ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு கேபிள் இழுங்கள். சுவரைக் குடைவதும் பைப் போடுவதும்தான் கஷ்டம். இரண்டாவது கேபிள் அதே உழைப்பில் வந்துவிடும்.

எந்தக் கேபிள்?

இதில் விளம்பரச் சத்தம் அதிகம், விஷயம் கொஞ்சம். கேட் 5இ 100 மீட்டர் வரை நொடிக்கு 1 ஜிகாபிட் வேகத்தைத் தாராளமாகக் கொண்டுபோகும். 2016இல் வந்த புதிய தரநிலைப்படி அதே கேபிளில் 2.5 ஜிகாபிட்டும் ஓடும். கேட் 6 குறைந்த தூரத்தில், அதாவது 55 மீட்டர் வரை, 10 ஜிகாபிட் தரும். 100 மீட்டர் முழுக்க 10 ஜிகாபிட் வேண்டுமென்றால் கேட் 6ஏ. அது தடிமனானது, வளையாது, ஜாக்கில் பொருத்தவும் சிரமம். வீட்டில் 55 மீட்டர் தாண்டும் ஓட்டம் அபூர்வம் என்பதால் புதிதாகப் போடுகிறவர்களுக்கு கேட் 6 என்பேன். கேட் 8 என்று பெரிதாக எழுதிய கேபிள் டேட்டா சென்டருக்காக வந்தது, அதன் எல்லையே 30 மீட்டர்தான். வீட்டுக்கு அது தேவையில்லை.

எந்த வகை என்பதைவிட முக்கியமானது கம்பி முழுச் செம்பா என்பது. செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பியில் செய்த கேபிள், அதே பெயரில் விலை குறைவாகக் கிடைக்கும். அலுமினியத்தின் மின்தடை செம்பைப் போல ஏறக்குறைய 1.6 மடங்கு. நீளமான ஓட்டத்தில் சமிக்ஞை தளரும். கேபிள் வழியாகவே மின்சாரம் கொடுக்கும் பிஓஇ முறையில் கேமராவோ ஆக்சஸ் பாயின்ட்டோ மாட்டினால் கேபிள் சூடாகும். ஜாக்கில் அழுத்தும்போது கம்பி பட்டென்று முறியும். சோதிப்பது சுலபம். ஒரு கம்பியின் முனையைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சுவருக்குள் போவது ஒற்றைக் கம்பி உள்ள, விறைப்பான கேபிளாக இருக்க வேண்டும். பல இழைகள் சேர்ந்த மெல்லிய கேபிள், போர்ட்டிலிருந்து லேப்டாப்புக்குப் போகும் பேட்ச் கார்டுக்கு மட்டும். 100 மீட்டர் என்ற எல்லையும் இரண்டையும் சேர்த்துத்தான்: சுவருக்குள் 90, இரு பக்கப் பேட்ச் கார்டுகளுக்கு 10. வெயில் படும் இடத்துக்கு வெளிப்புறக் கேபிள் தனியாக உண்டு. பக்கத்துக் கட்டடத்துக்கு இழுப்பதானால் செம்பை விட்டு ஃபைபருக்குப் போய்விடுங்கள், இடி மின்னல் நேரத்தில் செம்புக் கேபிள் இரு வீட்டுக் கருவிகளையும் ஒன்றாகச் சுட்டுவிடக்கூடும்.

இழுப்பது

மின்சார வயர் போகும் பைப்பில் இதை நுழைக்காதீர்கள். இடம் இருக்கிறதே என்று ஆசையாக இருக்கும்தான். ஆனால் உராய்வில் மின்வயரின் தோல் கிழிந்தால் உங்கள் லேப்டாப் வரை மின்சாரம் வரும். தனிப் பைப் போடுங்கள். மின் பைப்பும் இதுவும் பக்கம் பக்கமாக ஓட வேண்டியிருந்தால் ஓரடி இடைவெளி விடுங்கள். குறுக்கிடும் இடத்தில் நேர்க்கோணத்தில் கடக்கட்டும்.

பைப்பை நிரப்பி அடைக்கக் கூடாது. குறுக்குப் பரப்பில் 40 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது பொதுவான கணக்கு. உள்விட்டம் 20 மி.மீ. உள்ள பைப்பின் பரப்பு 314 சதுர மி.மீ.; அதில் 40 சதவீதம் 125. கேட் 6 கேபிள் சுமார் 6 மி.மீ. தடிமன் என்றால் ஒன்றுக்கு 28. ஆக, நான்கு கேபிள். ஐந்தாவதையும் திணித்தால் இழுக்கும்போது தெரியும்.

ஃபிஷ் டேப் என்ற எஃகுப் பட்டையைப் பைப்பின் ஒரு முனையில் விட்டு, மறுமுனையில் தலை தெரிந்ததும் கேபிளை அதில் கட்டி இழுக்க வேண்டும். கட்டும் இடம் குண்டாக இருந்தால் வளைவில் மாட்டிக்கொள்ளும். கேபிளின் மேல்தோலை ஒரு சாண் உரித்து, உள்ளிருக்கும் கம்பிகளை மட்டும் பட்டையின் கண்ணில் கோத்து மடக்கி, இன்சுலேஷன் டேப்பைக் கூம்பாகச் சுற்றுங்கள். கேபிளோடு ஒரு நைலான் கயிறையும் சேர்த்து இழுத்து உள்ளேயே விட்டுவைத்தால் நாளைக்கு இன்னொரு கேபிள் தேவைப்படும்போது உதவும்.

ஒருவர் இழுக்க, இன்னொருவர் அந்தப் பக்கம் கேபிளைத் தள்ளிக்கொடுக்க வேண்டும். கேபிள் தாங்கும் இழுவிசை 110 நியூட்டன், சுமார் 11 கிலோ எடையைத் தூக்கும் அளவு. அதற்கு மேல் பலம் தேவைப்பட்டால் எங்கேயோ சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். பலம் கொடுக்காமல் பின்னோக்கி விட்டு மறுபடி இழுங்கள். வளைவுகளில் கேபிளின் தடிமனைப் போல் நான்கு மடங்கு ஆரம் இருக்கட்டும். மடிந்து முறிந்த தடம் விழுந்தால் அந்தப் பகுதி வேண்டாம், வெட்டிவிடுங்கள். கடைசியில் சுவர்ப் பெட்டியில் ஓரடியும், மையத்தில் இரண்டு மீட்டரும் மிச்சம் விடுங்கள். முனை போடும்போது ஒருமுறையாவது தப்பு வரும். வெட்டி மறுபடி செய்ய நீளம் இருந்தால்தான் நிம்மதி.

முனை போடுவது

சரி, இப்போது முக்கியமான இடம். சுவருக்குள் வரும் கேபிளின் முனையில் நேரடியாகப் பிளக் போடாதீர்கள். அறையில் சுவர் பிளேட்டுக்குள் மாட்டும் கீஸ்டோன் ஜாக், மையத்தில் வரிசையாகப் பல ஜாக்குகள் உள்ள பேட்ச் பேனல். விறைப்பான ஒற்றைக் கம்பியைத் தினமும் அசைத்தால் ஒருநாள் முறியும். ஜாக்கில் முடித்துவிட்டால் அசைவதெல்லாம் பேட்ச் கார்டுதான், அது போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம்.

நிற வரிசைக்கு இரண்டு முறைகள் உண்டு: டி568ஏ, டி568பி. எதை வேண்டுமானாலும் எடுக்கலாம், ஆனால் வீடு முழுக்க ஒன்றையே பின்பற்றுங்கள். பி வரிசை இது:

1. வெள்ளை-ஆரஞ்சு
2. ஆரஞ்சு
3. வெள்ளை-பச்சை
4. நீலம்
5. வெள்ளை-நீலம்
6. பச்சை
7. வெள்ளை-பழுப்பு
8. பழுப்பு

ஏ வரிசையில் ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் இடம் மாறும், மற்றவை அப்படியே. பச்சை ஜோடி 3, 6 என்று பிரிந்து நிற்பதைக் கவனியுங்கள். ஜோடி ஜோடியாக அடுக்கினால் என்ன என்று தோன்றும். முதல் தடவை நான் செய்த தப்பு அதுதான். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நேராக அடுக்கினேன். டெஸ்டரில் எட்டு விளக்கும் ஒழுங்காக எரிந்தன. ஆனால் வேகம் வரவில்லை. இணைப்பு அறுந்து அறுந்து வந்தது. கேபிளில் ஒவ்வொரு ஜோடியும் முறுக்கியிருப்பதற்குக் காரணம், ஒரே சமிக்ஞையின் இரு பாதிகளும் அந்த முறுக்கில் சேர்ந்து பயணித்து இரைச்சலை ஒன்றுக்கொன்று ரத்து செய்துகொள்ளத்தான். கருவி 3, 6 இரண்டையும் ஒரு ஜோடியாகப் பயன்படுத்துகிறது. நான் அடுக்கிய வரிசையில் அந்த இரண்டும் வெவ்வேறு முறுக்குகளில் போயின. விளக்கு டெஸ்டருக்கு முறுக்கைப் பற்றி எதுவும் தெரியாது, கம்பி தொடுகிறதா என்று மட்டும் பார்க்கும்.

கீஸ்டோன் ஜாக்கில் அந்தக் கவலை குறைவு. அதன் உடலிலேயே ஏ, பி என்று நிறக் குறி ஒட்டியிருக்கும். ஆனால் அந்தக் குறிகள் 1, 2, 3 என்ற வரிசையில் இருக்காது, ஒவ்வொரு தயாரிப்பிலும் வேறு மாதிரி இருக்கும். மேலே சொன்ன பட்டியலை மறந்துவிட்டு, ஜாக்கில் பி என்று காட்டும் நிறத்தில் அந்தந்த நிறக் கம்பியை வையுங்கள்.

செய்முறை இப்படி. மேல்தோலை இரண்டு அங்குலம் உரிக்க வேண்டும். கத்தியை ஆழமாக விடாமல் மேலே ஒரு கீறல் போட்டு, கேபிளை அந்த இடத்தில் மடக்கினால் தோல் தானாக விண்டு வரும். உள்ளே எந்தக் கம்பியின் தோலிலாவது கீறல் விழுந்திருந்தால் வெட்டிவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். கேட் 6இல் பெரும்பாலும் நடுவே பிளாஸ்டிக் முதுகெலும்பு ஒன்று இருக்கும், அதை அடியோடு நறுக்குங்கள். ஜோடிகளைப் பிரித்து ஜாக்கின் நான்கு மூலைக்கும் கொண்டுபோங்கள். முறுக்கை அவிழ்ப்பது அரை அங்குலத்துக்குள், அதாவது 13 மி.மீ.க்குள் இருக்கட்டும், குறைந்தால் இன்னும் நல்லது. மேல்தோல் ஜாக்கின் உடலைத் தொடும்வரை நெருக்கி வையுங்கள்.

கம்பியை ஜாக்கின் பிளவில் வைத்து, அதற்கென்றே உள்ள பஞ்ச் டவுன் டூல் என்ற கருவியால் அழுத்துங்கள். டூலின் ஒரு பக்கம் வெட்டும் முனை; அது ஜாக்கின் வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். திருப்பிப் பிடித்தால் வெளியே நீளும் மிச்சத்தை விட்டுவிட்டு, உள்ளே இருக்க வேண்டிய கம்பியை வெட்டும். டக் என்ற சத்தத்தோடு மிச்சக் கம்பி துண்டாகி விழுந்தால் சரியாக உட்கார்ந்தது. சத்தம் வந்தும் துண்டு தொங்கிக்கொண்டிருந்தால் இன்னொரு முறை அழுத்துங்கள். எட்டும் முடிந்ததும் கண்ணருகே கொண்டுவந்து, எல்லாக் கம்பியும் பிளவின் அடிவரை ஒரே ஆழத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று மட்டும் மேலே நின்றால் அதுதான் நாளைய கோளாறு.

பேட்ச் பேனலிலும் இதே வேலைதான். பின்னால் அழுத்த வேண்டும், முன்னால் எண் எழுத வேண்டும்.

சோதிப்பது

பிளேட்டைத் திருகி மூடும் முன்பே ஒவ்வொரு கேபிளையும் டெஸ்டரில் போடுங்கள். விளக்குகள் 1 முதல் 8 வரை இரு பக்கமும் ஒன்றாக நகர வேண்டும். ஒரு எண் எரியவில்லை என்றால் அந்தக் கம்பி ஏதோ ஒரு முனையில் தொடவில்லை. இரு பக்கமும் அந்த நிறத்தை மறுபடி அழுத்துங்கள். 1க்கு 3உம் 2க்கு 6உம் எரிந்தால் ஒரு பக்கம் ஏ, மறுபக்கம் பி போட்டிருக்கிறீர்கள். இன்றைய ஸ்விட்ச்சுகள் அதைத் தாமே சரிசெய்துகொள்ளும் என்றாலும் மாற்றிவிடுங்கள்.

அப்புறம் நிஜ வேகம். லேப்டாப்பைச் செருகி, நெட்வொர்க் அமைப்பில் இணைப்பு வேகம் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். 1000 மெகாபிட் அல்லது 1 ஜிகாபிட் என்றால் நல்லது. 100 என்று காட்டினால் பெரும்பாலும் நீலம் அல்லது பழுப்பு ஜோடியில் ஒரு கம்பி தொடவில்லை. 100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பிகள் போதும், ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். ஒரு கம்பி இல்லாவிட்டால் கருவிகள் பெரும்பாலும் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். இணையம் வருகிறதே என்று நாமும் மாதக்கணக்கில் கவனிக்க மாட்டோம். பேட்ச் கார்டையும் சந்தேகியுங்கள், அதை மாற்றிப் பார்ப்பதுதான் முதல் சோதனை.

இணைய வேகச் சோதனைத் தளங்கள் இதற்கு உதவாது, அவை உங்கள் இணைய லைனைத்தான் அளக்கின்றன. ஐபெர்ஃப்3 என்ற இலவச மென்பொருளை இரண்டு கணினிகளில் போட்டு, ஒன்றை மையத்திலும் மற்றதை அறையிலும் வைத்து ஓட்டினால் ஜிகாபிட் லைனில் 940 மெகாபிட் சுற்றி வரும். மிச்சம், தகவலைத் துண்டு துண்டாக அனுப்பும்போது ஒவ்வொரு துண்டுக்கும் ஒட்டும் முகவரி போன்ற தலைப்புகளுக்குப் போகிறது, அது கோளாறு இல்லை.

உயிர் கொடுப்பது

ரவுட்டரின் லேன் போர்ட் (வீட்டுக் கருவிகளுக்கான போர்ட்) ஒன்றிலிருந்து ஸ்விட்ச்சுக்கு ஒரு கேபிள். ஸ்விட்ச்சிலிருந்து பேட்ச் பேனலின் ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு குட்டிப் பேட்ச் கார்டு. அவ்வளவுதான், அறைப் போர்ட்டுகள் எல்லாம் உயிர்பெறும். அமைப்பு எதுவும் தேவைப்படாத சாதாரண ஜிகாபிட் ஸ்விட்ச் போதும். போர்ட் எண்ணிக்கையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கேமராவும் ஆக்சஸ் பாயின்ட்டும் உண்டென்றால் பிஓஇ ஸ்விட்ச் வாங்குங்கள். ஒரு போர்ட்டில் கொடுக்கும் மின்சாரம் 802.3ஏஎஃப் தரத்தில் 15.4 வாட், 802.3ஏடி தரத்தில் 30 வாட். ஸ்விட்ச்சின் மொத்த வாட் அளவையும் பாருங்கள், எல்லாப் போர்ட்டும் ஒரே நேரத்தில் முழு அளவு கேட்டால் தாங்காத ஸ்விட்ச்சுகளும் உண்டு.

பழைய ரவுட்டரை மாடியில் வைஃபைக்காக மாட்டுவதானால், கருவிகளுக்கு நெட்வொர்க் முகவரி கொடுக்கும் அதன் டிஹெச்சிபி வசதியை முதலில் அணைத்துவிட்டு, அதன் சொந்த முகவரியை முதன்மை ரவுட்டரிலிருந்து வேறுபடுத்திவிட்டு, சுவரிலிருந்து வரும் கேபிளை அதன் வான் போர்ட்டில் (இணைய லைனுக்கான போர்ட்) செருகாமல் லேன் போர்ட்டில் செருகுங்கள். வான் போர்ட்டில் செருகினால் வீட்டுக்குள் இன்னொரு தனி நெட்வொர்க் உருவாகி, மாடியில் இருக்கும் போனுக்குக் கீழே இருக்கும் பிரிண்டர் தெரியாமல் போகும்.

எல்லாம் ஓடிக்கொண்டிருந்து திடீரென்று வீடு முழுக்க நெட்வொர்க் நின்றுபோய், ஸ்விட்ச்சின் விளக்குகள் எல்லாம் வெறிபிடித்த மாதிரி ஒன்றாகச் சிமிட்டினால் ரவுட்டரைக் குறை சொல்லாதீர்கள். யாரோ தொங்கிக்கொண்டிருந்த பேட்ச் கார்டின் இரு முனைகளையும் ஒழுங்காக இருக்கட்டும் என்று ஒரே அறையின் இரண்டு போர்ட்டிலும் செருகியிருப்பார்கள். ஒரே தகவல் வட்டம் சுற்றிச் சுற்றிப் பெருகி லைனை அடைத்துவிடும். ஸ்விட்ச்சிலிருந்து கார்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் விளக்குகள் அமைதியாகின்றனவோ, அந்த எண்ணுள்ள அறைக்குப் போய்ப் பாருங்கள்.